லாரி ஸ்டியரிங் நட்டுக்கு எந்த டார்க் நம்பரை நம்பறது?

கேள்விய நான் புரிஞ்சிக்கினத ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. வாலாஜா பக்கம் பத்து சக்கர லாரி ஒண்ணு வெச்சிருக்கீங்க. டிராப் ஆர்மும் (ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து தொங்கற கை) டிராக் லிங்க்கும் (அந்த கையில இருந்து முன் சக்கரத்து ஆர்முக்கு போற தண்டு) மாத்தியிருக்கு. மெக்கானிக் ஸ்பேனர்ல பைப் சொருகி இறுக்கிட்டு "கல்லு மாதிரி நிக்கும்ணா, கவலப்படாத போ"ன்னு அனுப்பிட்டாரு. உங்களுக்கு மனசு கேக்கல, தேடிப் பாத்திருக்கீங்க, டிராக் லிங்க் பால் ஜாயிண்ட் (தண்டு முனையில இருக்கற உருண்டை மூட்டு) நட்டுக்கு டார்க், அதாவது எவ்ளோ திருகு விசைல இறுக்கணும்ங்கறது, ஒரு எடத்துல 18, இன்னொரு எடத்துல 130, மூணாவது எடத்துல 176ன்னு போட்டிருக்குது. மூணுல எது சரின்னு கேட்டிருக்கீங்க. எனக்கு என்னமோ நீங்க கேக்கறது நம்பரை விட, எந்த காகிதத்த நம்பலாம்ங்கறதுன்னு தான் தோணுது. அதுக்கு தான் பதில் எழுதறேன். உங்க வண்டிக்கு இதான் நம்பர்னு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, ஏன்னு படிச்சிக்கினே வந்தா புரியும்.

என்னப் பத்தி ரெண்டு வரி. டிப்ளமோ ஆட்டோமொபைல் முடிச்சேன், வேலூர்லயே ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பதினோரு வருஷம் இருந்தேன், அப்புறம் கொணவட்டம் பக்கம் சொந்தமா ஷெட்டு. சென்னை பெங்களூர் ரோட்ல ஓடற வண்டி தான் நமக்கு சோறு போடுது, லேலண்ட், டாடா, இப்ப பத்து பன்னெண்டு வருஷமா பாரத் பென்ஸ், ஐஷர். ஃப்ரண்ட் ஆக்சிலும் ஸ்டியரிங்கும் தான் என் தொழிலு. இன்ஜின் பத்தி கேட்டீங்கன்னா பக்கத்து ஷெட்டு பாய் கிட்ட தான் அனுப்புவேன்.

மொதல்ல உங்க மூணு நம்பரு. 18, 130, 176. இது மூணும் ஒரே நம்பரு தான் தலைவரே. 18ங்கறது கேஜி மீட்டர், பழைய புக்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஒரு கேஜி மீட்டர்னா 9.81 நியூட்டன் மீட்டர், பெருக்கிப் பாருங்க, 176 வரும். அதையே ஃபுட் பவுண்டுல போட்டா ஒரு கேஜி மீட்டருக்கு 7.23, பதினெட்டால பெருக்குனா 130. எழுதுனவங்க யாரும் யூனிட்ட போடல, இல்ல போட்டது காப்பி அடிக்கறப்ப உதிர்ந்து போச்சு. இப்ப ஒருத்தன் 130ஐ பாத்துட்டு நியூட்டன் மீட்டர் ரெஞ்ச்ல 130 வெச்சு இறுக்குனான்னு வைங்க, வேண்டியதுல முக்கால் பங்கு கூட வராது. மாத்தி, 176ஐ பாத்துட்டு ஃபுட் பவுண்டு பக்கம் வெச்சான்னா 238 நியூட்டன் மீட்டர், மரை இழுத்துக்கும். நிறைய டார்க் ரெஞ்ச்ல ரெண்டு ஸ்கேலும் அக்கம் பக்கமா இருக்கும், கண்ணாடி போடாத மேஸ்திரி எந்த பக்கத்த படிக்கறாருன்னு அவருக்கே தெரியாது.

மூணும் ஒண்ணா வந்துடுச்சே, அப்ப அது சரியான நம்பரு தானேன்னு உடனே சந்தோஷப்படாதீங்க. மூணு பேரு தனித்தனியா பாத்து சொன்ன சாட்சி கெடையாது அது, ஒரே ஆளு மூணு சட்டை மாத்தி போட்டுக்கினு வந்திருக்கான். எங்கயோ ஒரு புக்ல 18ன்னு இருந்தது, ஒருத்தர் ஃபுட் பவுண்டுல மாத்துனாரு, ஒருத்தர் நியூட்டன்ல மாத்துனாரு, அவ்ளோதான். அந்த புக்கு எந்த மாடலுக்கு, எந்த வருஷத்துக்கு, எந்த நட்டுக்குன்னு மூணு எடத்துலயும் இல்ல. அதுவும் இல்லாம ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பக்கத்துல புள்ளி காணாம போயிடும், 1.8 இருந்தது 18 ஆயிடும், 18 இருந்தது 16 மாதிரி தெரியும். எங்கிட்டயே ஒரு ஸ்கேன் பண்ண பிடிஎஃப் இருக்கு, ஒரே அட்டவணையில ஒரு வரி கேஜி மீட்டர், அடுத்த வரி கேஜி சென்டிமீட்டர், நடுவுல கோடு கூட இல்ல. ஒரு கேஜி மீட்டருக்கு நூறு கேஜி சென்டிமீட்டர், அங்க தப்புனா நூறு மடங்கு தப்பு. பழைய டாடா வண்டிங்க பென்ஸ் கூட்டுல வந்த காலத்து புக்குங்க இருக்கு பாருங்க, 1954ல ஆரம்பிச்ச கூட்டு அது, அந்த மாதிரி ஜெர்மன் வழி வந்ததுல எம்.கே.பின்னு போட்டிருப்பான். அதுவும் கேஜி மீட்டர் தான், பயந்துக்காதீங்க.

சரி, நம்பற மாதிரி நம்பர் எங்க கெடைக்கும்? இங்க தான் எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க. "லாரி ஸ்டியரிங்"ன்னு ஒரே சாமானா நெனச்சிக்கினு ஒரே புக்ல எல்லாத்தையும் தேடறாங்க. ஸ்டியரிங் வீல்ல இருந்து டயர் வரைக்கும் போற வழில குறைஞ்சது மூணு வீட்டு சாமான் இருக்கு. ஸ்டியரிங் பாக்ஸ் ஒரு கம்பெனி பண்ணுது, நம்ம ஊரு லாரில நெறைய ரானே குரூப் சாமான் தான். அந்த பாக்ஸுக்குள்ள இருக்கற போல்ட், சைடு கவரு, அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூ, இதெல்லாம் பாக்ஸ் பண்ணவன் புக்ல தான் சரியா இருக்கும். பாக்ஸ சேசிஸ்ல மாட்டற பிராக்கெட் போல்ட்டு, ஸ்டியரிங் காலம்ல (வீலுக்கு கீழ போற தண்டு) இருந்து வர்ற யூனிவர்சல் ஜாயிண்ட் போல்ட்டு, டிராக் லிங்க், இது வண்டி கம்பெனி சாமான், வண்டியோட வர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கும். டை ராடு (ரெண்டு முன் சக்கரத்தையும் சேக்கற தண்டு), ஸ்டியரிங் ஆர்ம், கிங் பின் (சக்கரம் திரும்பற அச்சு), இது ஆக்சில் கணக்கு. வண்டி கம்பெனியே ஆக்சில் பண்ணியிருந்தா அதே மேனுவல்ல வரும், வெளில வாங்கி போட்டிருந்தா ஆக்சில் கம்பெனி தாள் வேணும். டிராப் ஆர்ம் நட்டு மட்டும் எல்லைல நிக்கற நெலம் மாதிரி, ரெண்டு புக்லயும் இருக்கும். ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா நிம்மதி, ஒத்துப் போகலன்னா பாக்ஸ்ல அடிச்சிருக்கற பிளேட் நம்பர வெச்சு முடிவு பண்ணணும்.

அந்த பிளேட்டு முக்கியம். ஒரு சின்ன அலுமினிய தகடு, ரெண்டு ரிவெட் அடிச்சிருக்கும், பாக்ஸ் மேல எண்ணெயும் புழுதியும் சேந்து அப்பிக்கினு இருக்கற எடத்துல தான் அது இருக்கும். டீசல் துணியால தொடச்சா நம்பர் தெரியும். போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஏன் இவ்ளோ சொல்றேன்னா நம்ம பக்கம் பத்து வருஷம் ஓடுன லாரில கம்பெனில இருந்து வந்த அதே ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. லீக் ஆச்சுன்னா சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில இருந்து ஒண்ணு எடுத்தாந்து மாட்டிடுவாங்க, ஓனருக்கே தெரியாது. அப்ப சேசிஸ் நம்பர வெச்சு நீங்க எடுத்த மேனுவல் உங்க வண்டிக்கு சரி, வண்டில தொங்கற பாக்ஸுக்கு தப்பு. போன வருஷம் ஒரு வண்டி வந்துச்சு, வாணியம்பாடிக்காரங்க தோல் லோடு ஏத்தறது, பேப்பர் படி ஒரு மாடல், பாக்ஸ் வேற, டிராப் ஆர்ம் மூணாவதா எதோ ஒண்ணு. எந்த புக்க வெச்சு அதுக்கு நம்பர் பாக்கறது? மொதல்ல சாமான சரி பண்ணுங்க, அப்புறம் டார்க் பேசலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். கோச்சிக்கினு தான் போனாரு.

இதே கதை தான் டூப்ளிகேட் பால் ஜாயிண்ட்லயும். பாக்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும், மரை மட்டும் வேற சைஸு இருக்கும். எம்20ன்னு (20 மில்லிமீட்டர் மரை) நெனச்சிக்கினு இருப்பீங்க, எம்22 போட்டிருப்பான், இல்ல பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) மாறியிருக்கும். மேனுவல்ல இருக்கற நம்பரு அந்த புக்கு சொல்ற சைஸுக்கு தான். அதனால புது சாமான் வாங்குனா வெர்னியர்ல ஸ்டட்ட (ஜாயிண்ட்ல நீட்டிக்கினு இருக்கற மரை போட்ட தண்டு) அளந்து, மரை கேஜ் வெச்சு பிட்ச் பாத்துட்டு தான் நான் நம்பரே தேடுவேன். நல்ல கம்பெனி சாமானா இருந்தா டப்பால ஒரு சின்ன தாள் மடிச்சு வெச்சிருப்பான், அதுல டார்க் இருக்கும். அந்த தாள நம்ம பசங்க கை தொடச்சு போட்டுடுவாங்க. அந்த தாளுக்கு தான் முதல் மரியாதை தரணும், ஏன்னா அது கையில இருக்கற சாமானப் பத்தி பேசுது.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டா குடுப்பாங்களான்னு கேட்டிருந்தீங்க. குடுப்பாங்க, கேக்கற விதத்துல கேக்கணும். காலைல ஒம்போது மணிக்கு வண்டி உள்ள ஏத்தற நேரத்துல போயி "அண்ணே ஸ்டியரிங் டார்க் எவ்ளோ"ன்னு கேட்டா எந்த சூப்பர்வைசரும் தலையில இருந்து ஒரு நம்பர் எடுத்து குடுத்து அனுப்பிடுவாரு. நானே அங்க இருந்தப்ப அப்படி குடுத்திருக்கேன், பொய் சொல்லல. மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க, ஆர்.சி. காப்பி, சேசிஸ் நம்பரு, பாக்ஸ் பிளேட் போட்டோ எடுத்துக்கினு போங்க, "பக்கத்த காட்டுங்க, நான் எழுதிக்கறேன்"னு கேளுங்க. வாய்ல சொல்ற நம்பருக்கும் பக்கத்துல பாக்கற நம்பருக்கும் வித்தியாசம் இருக்கு. இப்ப பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல சேசிஸ் நம்பர் அடிச்சாலே அந்த வண்டிக்கான பக்கம் வரும். அங்க ஒண்ணு கூடவே கேளுங்க, இந்த வேலைக்கு அப்புறமா சர்குலர் எதாவது வந்திருக்கான்னு. மேனுவல் அச்சடிச்ச பின்னாடி கம்பெனியே நம்பர மாத்துறது உண்டு, போல்ட் கிரேட மாத்துவான், வாஷர மாத்துவான், அதோட டார்க்கும் மாறும். மேனுவல் ஒண்ணு சொல்லி சர்குலர் ஒண்ணு சொன்னா, தேதி எது புதுசோ அதான்.

பக்கம் கையில வந்ததும் என்னென்ன பாக்கணும்? யூனிட் இருக்கான்னு மொதல்ல. அப்புறம் மரை சைஸும் போல்ட் கிரேடும் போட்டிருக்கானா, உங்க போல்ட் தலையில இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு. தலையில 8.8, 10.9ன்னு அடிச்சிருக்கும் பாருங்க, அதுல முன்னாடி நம்பர நூறால பெருக்குனா எவ்ளோ இழுவைல அறுந்து போகும்னு வரும், 10.9ன்னா 1000 மெகாபாஸ்கல், பின்னாடி 9ன்னா அதுல தொண்ணூறு சதவீதத்துல இழுபட ஆரம்பிச்சிடும்னு அர்த்தம். 10.9 இருந்த எடத்துல கடைல கெடைச்ச 8.8ஐ போட்டுட்டு 10.9 நம்பருக்கு இறுக்குனா போல்ட் நீண்டுடும், ஆனா இறுக்கறப்ப கைக்கு நல்லா தான் இருக்கும்.

அடுத்தது தான் நெறைய பேரு தவற விடறது, காய்ஞ்ச மரையா எண்ணெய் போட்ட மரையான்னு. இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும். நட்ட இறுக்கறப்ப நாம குடுக்கற தெம்புல தோராயமா பத்துல ஒரு பங்கு தான் போல்ட்ட இழுத்து சாமான கவ்வ வெக்குது. மீதி ஒம்போது பங்கு உரசல்ல போயிடுது, பாதி நட்டு அடில, மீதி மரைல. இப்ப எம்16 போல்ட்டு, 10.9 கிரேடு எடுத்துக்கங்க. காய்ஞ்ச மரைல 313 நியூட்டன் மீட்டர் வெச்சா கணக்குப்படி அது சுமார் பத்து டன் இழுவைல கவ்வும், நல்ல இறுக்கம். அதே போல்ட்டுல மரைக்கு எண்ணெய் தடவிட்டு அதே 313 வெச்சா உரசல் கொறஞ்சிடும், கவ்வறது பதிமூணு டன்னுக்கு மேல போயிடும். அந்த போல்ட்டு தாங்கற கடைசி எல்லையே அவ்ளோதான். ரெஞ்ச் "டிக்"குன்னது ஒரே மாதிரி தான் கேட்டுது, வெளில இருந்து பாத்தா ரெண்டு போல்ட்டும் ஒண்ணு தான். இந்த கணக்கு பாடப்புத்தகத்துல இருக்கற நட் ஃபேக்டர (உரசல் எல்லாத்தையும் சேத்து வெச்ச ஒரு எண்) வெச்சு போட்டது, காய்ஞ்சதுக்கு 0.2, எண்ணெய் போட்டதுக்கு 0.15, நெசத்துல துரு, பெயிண்ட்டு, முலாம் எல்லாத்துக்கும் மாறும். அதனால தான் சொல்றேன், புக்ல "காய்ஞ்ச மரை"ன்னு இருந்தா பிரேக் கிளீனர் அடிச்சு தொடைங்க, "எண்ணெய் தடவி"ன்னு இருந்தா தடவுங்க. ஒண்ணும் போடலன்னா அதே புக்கு முன்பக்கத்துல பொதுக் குறிப்புல இருக்கும், அங்க பாருங்க. நம்ம இஷ்டத்துக்கு கிரீஸ் தடவறது நல்லதுன்னு நெனச்சு பண்ற கெடுதல்.

போல்ட் சைஸ் வெச்சு போடற பொது அட்டவணை ஒண்ணு எல்லா ஷெட்டுலயும் செவுத்துல ஒட்டியிருப்பாங்க. 8.8ல எம்12க்கு சுமார் 85, எம்16க்கு சுமார் 210 நியூட்டன் மீட்டர், அந்த மாதிரி. அது பொய்யில்ல. ஒரு பிராக்கெட்டு, ஒரு கிளாம்பு, ரெண்டு இரும்ப தட்டையா சேத்து புடிக்கற எடம், அங்க அது கிட்டத்தட்ட சரியா வரும். ஆனா பால் ஜாயிண்ட் ஸ்டட்டு கூம்பு மாதிரி சாய்வா போயி ஆர்ம் ஓட்டைல ஒக்காருது, டிராப் ஆர்ம் பல்லு மேல ஏறி ஒக்காருது. அங்க நட்டோட வேலை போல்ட்ட இழுக்கறது மட்டும் கெடையாது, கூம்ப எவ்ளோ ஆழம் உள்ள தள்ளணும்ங்கறதும் அதுதான். அந்த அட்டவணைக்கு கூம்பு தெரியாது. அதனால மேனுவல் நம்பர் கைக்கு வந்தப்புறம் அது நம்பற மாதிரி இருக்கான்னு ஒரு ஒப்பு பாக்க மட்டும் தான் நான் அத வெச்சிருக்கேன். எம்20 நட்டுக்கு ஒருத்தர் 40 நியூட்டன் மீட்டர்னு சொன்னா யூனிட் மாறிப் போச்சுன்னு அந்த அட்டவணையே சொல்லிடும். அதுக்கு மேல ஸ்டியரிங்ல அத நம்ப வேணாம்.

கூம்புன்னு வந்துட்டதால இன்னொன்னு. ஸ்டட்டு கூம்பும் ஆர்ம் ஓட்டையும் காய்ஞ்சு சுத்தமா இருக்கணும், கிரீஸ் கூடவே கூடாது. கழட்டறப்பவே ஒரு நிமிஷம் பாருங்க, கூம்ப சுத்தி காப்பித்தூள் மாதிரி செவப்பா மெல்லிசா ஒரு பொடி இருக்கா? அது வெறும் துரு இல்ல. அந்த ஸ்டட்டு ஓட்டைக்குள்ள நுணுக்கமா ஆடிக்கினே இருந்திருக்குன்னு அர்த்தம், இரும்ப இரும்பு அரைச்ச பொடி. ஓட்டை உள்ள விரல விட்டா ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னும் ஒரு பக்கம் சொரசொரன்னும் இருக்கும். அப்படி இருந்தா எந்த புக்கு நம்பரும் உதவாது, ஆர்ம மாத்தணும். உங்க மெக்கானிக் பழைய டிராக் லிங்க்க தூக்கிப் போடாம வெச்சிருந்தா போயி அந்த கூம்ப ஒரு பார்வை பாத்துடுங்க, சாமான் எப்படி இருந்துச்சுன்னு அது சொல்லும்.

அடுத்தது ஸ்ப்லிட் பின். நான் சேந்த புதுசுல, ஆறு மாசம் கூட ஆகியிருக்காது, ஒரு டை ராடு எண்டுல காடி நட்ட (பின் போக தலையில பள்ளம் வெட்டுன நட்டு) டார்க்குக்கு இறுக்கிட்டேன், பின் ஓட்டை காடிக்கு நேரா வரல. கொஞ்சம் பின்னாடி விட்டேன், நேரா வந்துடுச்சு, பின்ன போட்டேன், மடக்குனேன். அங்க இருந்த பெரிய மேஸ்திரி குனிஞ்சு கூட பாக்கல, சத்தம் கேட்டே கண்டுபுடிச்சாரு. கையில இருந்த எண்ணெய்த் துணியால முதுகுல ஒண்ணு வெச்சாரு, "முன்னாடி போனவன் பின்னாடி வந்தா அது இறுக்கமாடா?"ன்னாரு. கழட்டி, புது பின் எடுத்து, திரும்ப பண்ண சொன்னாரு. காடி நட்டுக்கு ஆறு காடி இருக்கும், அதனால ஓட்டை நேரா வர அதிகபட்சம் 60 டிகிரி தான் தள்ளணும். மேனுவல்ல நம்பர் தனியா இல்லாம "இதுல இருந்து இது வரைக்கும்"னு குடுத்திருந்தா காரணமே இதான். கீழ் நம்பர்ல நிறுத்துங்க, அங்க இருந்து முன்னாடி தள்ளிக்கினே போங்க ஓட்டை நேரா வர்ற வரைக்கும், மேல் நம்பர தாண்டக் கூடாது. தாண்டாம நேரா வரலன்னா நட்ட மாத்திப் பாருங்க, வேற நட்டுல காடி வேற எடத்துல வரும். பின்னாடி மட்டும் விடாதீங்க. நைலான் நட்டா இருந்தா ஒரு தடவை கழட்டுனது அவ்ளோதான், புதுசு போடுங்க.

இத ஏன் பெருசா பேசறேன்னா சட்டத்துலயும் இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதியில 98வது விதி, ஸ்டியரிங் வீல்ல 30 டிகிரிக்கு மேல பிளே (வெத்து ஆட்டம்) இருக்கக் கூடாது, பால் ஜாயிண்ட்டுக்கு ரப்பர் கேப் இருக்கணும், போல்ட்டோ பின்னோ போட்டு புடிச்ச எடத்துல அது கழலாத மாதிரி பூட்டியிருக்கணும்னு சொல்லுது. எஃப்.சி.க்கு போறப்ப பெயிண்ட் அடிக்கற செலவுல பத்துல ஒரு பங்கு இதுக்கு பண்ணா போதும்.

டார்க் ரெஞ்ச் பத்தி. நம்பர் சரியா இருந்து ரெஞ்ச் தப்பா இருந்தா என்ன பிரயோஜனம். ஒரு நாள் ஷெட்டுல மழை, வேலை இல்ல, வைஸ்ல ஒரு எம்16 போல்ட்ட கட்டி நாலு பேர விட்டு "எப்பவும் இறுக்கற மாதிரி இறுக்குங்கடா"ன்னு சொல்லி ஒவ்வொருத்தருக்கும் அளந்து பாத்தேன். கொறச்சலா இறுக்குனவருக்கும் அதிகமா இறுக்குனவனுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். அதிகமா இறுக்குனது யாரு தெரியுமா, சேந்து ரெண்டு மாசம் ஆன பையன், தன்ன காட்டிக்கணும்னு. முப்பது வருஷ அனுபவம் இருக்கற கை பொய் சொல்லாதுன்னு நானும் நம்பிக்கினு இருந்தேன், அன்னைக்கு விட்டுட்டேன். உங்க மெக்கானிக்க நான் கொறை சொல்லல, கைக்கு எல்லை இருக்குன்னு சொல்றேன். நாலடி பைப் சொருகுனா அந்த கை என்ன குடுக்குதுன்னு கைக்கே தெரியாது.

ரெஞ்ச் வாங்குனா அதோட அளவுல நடு பாகத்துல உங்க வேலை வர்ற மாதிரி வாங்குங்க. 1000 வரைக்கும் போற ரெஞ்ச வெச்சு 100 இறுக்குனா அது சொல்றத நம்ப முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல 5000 தடவை இறுக்குனப்புறம், காலிபரேஷன் பண்ணணும். என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கற லேப்ல குடுங்க, சென்னையில இருக்கு. வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்க கீழ் அளவுக்கு எறக்கி வெய்ங்க. அதால நட்ட கழட்டாதீங்க. எடம் பத்தாம முன்னாடி ஒரு நீட்டு மாட்டுனா கணக்கு மாறிடும், ரெஞ்ச் பிடில இருந்து தலை வரைக்கும் 500 மில்லிமீட்டர், முன்னாடி நேரா 50 மில்லிமீட்டர் நீட்டுனா நீங்க 200 வெச்சா நட்டுக்கு 220 போகும். அப்ப 182ல வெக்கணும். நீட்ட குறுக்க, எல்லு மாதிரி 90 டிகிரில மாட்டுனா மாத்த வேணாம். வீல் நட்டுக்கு வெச்சிருக்கற ஏர் கன்ன ஸ்டியரிங்ல கடைசி இறுக்கத்துக்கு கொண்டு போகவே கூடாது.

மேனுவல் பக்கத்துல இன்னொரு குழப்பம் வரும், சொல்லிடறேன். பாக்ஸ் பக்கத்துல சின்ன சின்ன நம்பரா கேஜி சென்டிமீட்டர்ல சிலது இருக்கும். அது நட்ட இறுக்கற டார்க் இல்ல, ஷாஃப்ட்ட சுத்தறப்ப எவ்ளோ கனமா சுத்தணும்ங்கற அளவு, ப்ரீலோடுன்னு சொல்றது. அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவ அந்த கனம் வர்ற வரைக்கும் திருப்பி, அதுக்கு மேல லாக் நட்ட தனி டார்க்ல இறுக்கணும். ஸ்டியரிங் லூசா இருக்குன்னு சொன்னதும் நெறைய பேரு அந்த ஸ்க்ரூவத் தான் மொதல்ல திருப்புவாங்க. ஜாயிண்ட்ல இருக்கற ஆட்டத்த பாக்ஸ்ல இறுக்கி மறைச்சிட்டு, ஏலகிரி வளைவுல திரும்புன வீல் தானா திரும்பி வரலன்னு ஒரு வாரம் கழிச்சு வருவாங்க. பாக்ஸ்ல கை வெக்கறது கடைசி வேலை.

காகிதமே கெடைக்காத வண்டி இருக்கு, அதுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பழைய லேலண்ட் சிலதுல இஞ்சு மரை இருக்கும், ஸ்பேனரே வேற செட்டு, அதுல மில்லிமீட்டர் நட்ட வலிச்சு ஏத்தி கெடுத்து வெச்சிருப்பாங்க. அந்த மாதிரி வண்டிக்கு நான் ஜாயிண்ட்டு, நட்டு, ஆர்ம் மூணையும் ஒரே கம்பெனி செட்டா புதுசா வாங்க சொல்லுவேன், சாமான் கம்பெனி சர்வீஸ் ஆளு கிட்ட பார்ட் நம்பர சொல்லி அவங்க எழுத்துல டார்க் வாங்குவேன். அது வரைக்கும் வண்டிய ஓட்ட வேணாம்னு தான் சொல்லுவேன். இங்க தோராயமா ஒரு நம்பர் வெச்சு அனுப்பறதுக்கு எனக்கு மனசு வராது. பக்கத்து ஷெட்டுல வரும், அது அவங்க இஷ்டம். பதினாறு டன்னு லோடோட பள்ளிகொண்டா டோல் தாண்டி வண்டி வேகம் எடுக்கற எடத்துல டிராக் லிங்க் கழண்டா பிரேக் மட்டும் தான் மிச்சம்.

இப்ப உங்க வண்டி. ஏற்கனவே பைப் போட்டு இறுக்கியாச்சு, எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. அது மேல ரெஞ்ச் வெச்சு "டிக்"குன்னு கேட்டா சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அதிகமா இறுக்கியிருந்தாலும் "டிக்"குன்னு தான் கேக்கும். பிளேட் போட்டோ, சேசிஸ் நம்பரோட பக்கத்த வாங்கிட்டு, டிராக் லிங்க் ரெண்டு முனையும் கழட்டி, மரை இழுத்திருக்கான்னு நட்ட கையால ஓட்டிப் பாருங்க. கைல முழுசா ஓடலன்னா, நடுவுல ஒரு எடத்துல புடிச்சா, அந்த ஸ்டட்டு நீண்டிருக்கு, ஜாயிண்ட்ட மாத்துங்க. நல்லா ஓடுனா காய வெச்சு தொடச்சு புது பின்னோட முறையா இறுக்குங்க. டிராப் ஆர்ம கழட்ட வேண்டி வந்தா புல்லர் போடுங்க, சுத்தியால அடிச்சா அந்த அடி பாக்ஸ் உள்ள பேரிங்குக்கு போகும். மாட்டறப்ப ஷாஃப்ட்லயும் ஆர்ம்லயும் இருக்கற குறி ரெண்டும் நேரா இருக்கணும், ஒரு பல்லு தள்ளி மாட்டுனா வீல் ஒரு பக்கம் கொறைச்சலா திரும்பும். டை ராடுல கை வெச்சிருந்தா டோ-இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்ள சேந்து நிக்கற அளவு) பாருங்க.

முடிச்சதும் நட்டு மேல இருந்து ஆர்ம் வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. ரெண்டு ட்ரிப் போயிட்டு வந்ததும் டிரைவர விட்டு டார்ச் அடிச்சு பாக்க சொல்லுங்க, கோடு ஒடஞ்சிருந்தா நட்டு திரும்பியிருக்குன்னு அவருக்கே தெரியும். பிளேட் போட்டோ எடுத்தீங்கன்னா இங்கயே போடுங்க, எந்த பாக்ஸுன்னு பாத்து சொல்றேன். டார்க் மட்டும் பக்கத்துல பாத்துக்கங்க.